அம்மாவுக்கு ஒரு பாக்கெட், லார்ஜ்

1. சந்தை நாள்

அன்றைக்குச் சந்தை. கறம்பக்குடியில் நான் பார்மசிஸ்டாக இருக்கும் மெடிக்கலில், கவுண்டர் முழுக்கச் சீட்டு நீட்டும் கைகள். ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் சமையல் மாஸ்டர் சின்னையா நின்றார். எங்கள் வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பாதி வீடுகளில் அவர் சமையல்தான். கூட்டம் குறையட்டும் என்று அவர் ஒதுங்கி நிற்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. "என்ன மாஸ்டர், என்ன வேணும்? முன்னால வாங்க" என்று நானே கூப்பிட்டேன்.

வந்தார். "பெரியவங்களுக்குப் போடுற டயபர் ஒரு பாக்கெட் குடுங்க பாய். லார்ஜ். அம்மாவுக்கு."

எனக்கு ஒரு பெருமை உண்டு. யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எல்லாம் மனப்பாடம். முப்பது வருஷத்துக்கு மேல் அதே கவுண்டரில் நின்றால் ஊரே தலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெருமை என் வாயைச் சும்மா இருக்க விடவில்லை.

"அம்மாவுக்கா? அவங்க போன ஆடியிலயே தவறிட்டாங்களே மாஸ்டர். நான் துக்கம் கேக்க வந்தேனே."

ஏழெட்டுப் பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். சின்னையா கவுண்டரில் ஊன்றியிருந்த கையை எடுத்தார். "ஆமால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவர் கொண்டுவந்த ஆஸ்பத்திரிச் சீட்டு அங்கேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். புராஸ்டேட் கேன்சருக்கு ஆபரேஷன் முடிந்து, டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச காலத்துக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டிருக்கும். இருமினால் வரும், தும்மினால் வரும், கனமாக எதையாவது தூக்கினால் வரும். பார்மசி படித்த எனக்கு இது தெரியும். தெரிந்தும்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அதற்கப்புறம் அவர் கடைப்பக்கம் வரவில்லை. பிரஷர் மாத்திரை வாங்க அவர் மனைவி வள்ளிதான் வந்தார். மாஸ்டர் விட்டுப்போன சீட்டை ஒரு கவரில் போட்டுக் கொடுத்து, "மாஸ்டர் எப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"வீட்டை விட்டு வெளியவே வர மாட்டேங்கிறாரு பாய். ஆர்டர் வந்தா, ஊர்ல இல்லேன்னு சொல்லச் சொல்றாரு."

நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே ஒரு வருஷம் ஓட்டினேன்.

2. இடுப்பு சைஸ்

அடுத்தது என் முறை.

டாக்டரைப் பார்க்காமல் மாத்திரை கேட்பவர்களைச் சத்தம் போட்டு அனுப்புகிற ஆள் நான். அந்த நான்தான், ராத்திரிக்கு நாலு தடவை எழுந்தபோது, எட்டு மாசம் ரேக்கிலிருந்து நானே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கடைசியில் திருச்சியில் டெஸ்ட் எடுத்தார்கள். கேன்சர். நல்லவேளையாகப் பரவவில்லை. ஆபரேஷன் செய்து, டியூப் போட்டு, பத்து நாளில் டியூபை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கேன்சர் என்ற சொல்லைக்கூட ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன். ஈரக் கைலியைத் தாங்க முடியவில்லை. சொட்டிக்கொண்டே இருந்தால், தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவி எடுக்கும் ஒளு நிற்காது, ஒளு இல்லாமல் எப்படித் தொழுவது? பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் தையல் வலிக்கிறது என்றேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அழுதேன். அறுபத்துமூன்று வயதில் எனக்கு அப்படி அழுகை வரும் என்று நினைத்ததில்லை.

எங்கள் கடை ரேக்கில் டயபர் அடுக்கி வைத்திருக்கிறது, அடுக்கியவனே நான்தான். ஆனால் நான் லீவில் வீட்டில் இருந்தேன், என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் அதை எடுக்கச் சொல்ல நாக்கு எழவில்லை. பஸ் ஏறிப் பட்டுக்கோட்டைக்குப் போனேன். என்னை யாருக்கும் தெரியாத ஒரு மெடிக்கலாகத் தேடி ஏறினேன். கவுண்டரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"டயபர் ரெண்டு பாக்கெட் வேணும்மா. பெரியவங்களுக்கு. அம்மாவுக்கு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. என் அம்மா மவுத்தாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

"இடுப்பு சைஸ் என்னங்கய்யா?"

"முப்பத்தெட்டு" என்று என் சைஸைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து என் இடுப்பைப் பார்க்கவில்லை. கறுப்புக் கவரில் போட்டு, மடித்து, என் பக்கம் தள்ளினாள். "மொதல்ல கொஞ்சம் உறுத்தும்யா. அஞ்சாறு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்திக்கிறச் சொல்லுங்க. போகப் போகக் கொறைஞ்சிரும், அம்மாவைக் கவலப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததைக் காட்டாமல் எனக்கு வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் சின்னையாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது அதுதான். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றுவரை அல்லாஹ்விடம் நான் கேட்கும் துஆவில் அவள் இருக்கிறாள்.

3. சிரிச்சா போயிரும்

திரும்பி வரும் பஸ்ஸில் கறம்பக்குடிக்கு முன்னாலேயே, சின்னையாவின் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கிவிட்டேன். யோசித்தால் இன்னொரு வருஷம் போய்விடும் என்று பயம்.

வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போகத்தான் எழுந்தார்.

"மாஸ்டர், நான் மன்னிப்புக் கேக்க வந்தேன். அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவர் என் கையிலிருந்த கறுப்புக் கவரையே பார்த்தார். கவர் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

"அது யாருக்கு பாய்?"

"எங்க அம்மாவுக்கு."

"ஒங்க அம்மா எப்பத் தவறுனாங்க?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு மாஸ்டர்."

ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. அவர் சட்டென்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "போதும் பாய், சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா போயிரும்" என்றார். "எனக்கு எப்பவோ போயிருச்சு" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தோம். உள்ளேயிருந்து வள்ளி ஓடிவந்தார். ஒரு வருஷமாக மாஸ்டர் சிரித்துக் கேட்டதில்லையாம். காரணம் தெரியாமலே அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். மனைவியிடமும் டாக்டரிடமும் சொல்லாததை எல்லாம் ஒருவருக்கொருவர் சொன்னோம். ஆபரேஷனோடு, ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியும் போட்டிருந்ததால் அவருக்கு உடம்பு திடீர் திடீரென்று பற்றி எரியுமாம், காரணமில்லாமல் கண் கலங்குமாம். "நான் பொம்பளையா மாறிட்டேனோன்னு பயமா இருந்துச்சு பாய்" என்றார். அது ஊசி மருந்து செய்கிற வேலை, அவருடைய குறை இல்லை என்று விளக்கினேன். நான் படித்த படிப்பு அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

புறப்படும்போது கேட்டார்: "ஜும்ஆவுக்குப் போறீங்களா?"

"இல்ல. நீங்க சமைக்கப் போறீங்களா?"

"இல்ல. அண்டாவத் தூக்குனா நனைஞ்சிரும். வேட்டியப் பாத்துட்டா அப்புறம் எவன் என் கைச் சோத்தத் திம்பான்?" பிறகு அவரே, "நீங்க பள்ளிவாசலுக்குப் போங்க பாய். நீங்க போனா நான் கரண்டியப் பிடிக்கிறேன்" என்றார்.

இதில் நான் பின்வாங்கினால் அவரும் வீட்டோடு கிடந்துவிடுவார். அதற்காகவே எங்கள் இமாமிடம் போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"பாங்கு சொன்னதும் சுத்தம் பண்ணிட்டு, புதுசா ஒளு எடுத்துக்கிட்டு வந்து தொழுங்க. அதுக்கு மேல வந்தா ஒங்க மேல குத்தமில்ல. இதுக்குச் சட்டமே இருக்கு காதர் பாய். அப்படின்னா ஒங்களுக்கு முன்னாடி எத்தன பேருக்கு இது வந்திருக்கும்னு பாருங்க."

அந்த வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில் நின்று தொழுதேன். வெளியே வந்ததும் சின்னையாவுக்குப் போன் போட்டு, "போயிட்டு வந்துட்டேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் ஒரு காதுகுத்து ஆர்டர் எடுத்தார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். என் வேலை அவருக்குப் பின்னால் நிற்பது. வேட்டி நனைந்தால், "மாஸ்டர், உப்புப் பாத்தாச்சா?" என்று கேட்க வேண்டும். அவர் போய் மாற்றிக்கொண்டு வருவார். இதுதான் ஏற்பாடு. சோற்று அண்டாவை இறக்கும் நேரம் வந்தது. சின்னையா அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையாட்களைக் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வாங்கப்பா. எனக்குக் கேன்சர் ஆபரேஷன் பண்ணியிருக்கு. நான் கனம் தூக்கக் கூடாது. நீங்க எறக்குங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன மாஸ்டர்" என்று இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். அவ்வளவுதான். பந்தியில் யாரும் எழுந்து போகவில்லை. நான் உப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

4. கவுண்டருக்கு இந்தப் பக்கம்

டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்று உண்டு. சிறுநீரை அடக்குவது மாதிரி இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி விட வேண்டும். சின்னையா சாயங்காலம் கடைக்கு வந்துவிடுவார். இருவரும் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் அதைச் செய்வோம். "என்ன பாய், ரெண்டு பேரும் பேச்சக் காணோம்?" என்று யாராவது கேட்டால் எண்ணிக்கை தவறிவிடும். ஆறேழு மாசத்தில் எனக்கு ஏறக்குறைய நின்றது, அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை சேர்ந்தே திருச்சிக்குப் போய் ரத்த டெஸ்ட் கொடுக்கிறோம். வரும் வழியில் ஓட்டல் சாம்பாரை அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு சிநேகிதத்தை அறுபதுக்கு மேல் எனக்குக் கொடுத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ்.

போன வாரம் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். கூட்டம் போகும்வரை ஒதுங்கி நின்றார். இப்போது எனக்கு அது புரிகிறது. நான் கூப்பிடவில்லை. அவராக வந்தார்.

"டயபர் ஒரு பாக்கெட். அம்மாவுக்கு."

அவருடைய அம்மாவுக்குக் கடைசி வரை மருந்து கொடுத்தவன் நான். ரேக்கிலிருந்து லார்ஜ் எடுத்துக் கறுப்புக் கவரில் போட்டேன்.

"உக்காந்த வாக்குலயே செய்யிற பயிற்சி ஒண்ணு இருக்கு சார். அம்மாவைச் செய்யச் சொல்லுங்க. கொறைஞ்சிரும்" என்றேன். பிறகு குரலைத் தணித்து, "எங்க அம்மாவுக்குக் கொறைஞ்சுச்சு. இதே சைஸ்தான்" என்றேன்.

வாத்தியார் அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கவரை எடுத்தவர் கிளம்பவில்லை.

"அந்தப் பயிற்சி எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்க பாய்" என்றார்.

சின்னையாவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதை இழுத்துப் போட்டேன்.