பாய் வண்டியின் கறுப்பு எண்ணெய்

நேற்று கோட்டுச்சேரிக்குப் போகிற வழியில், ஒரு பட்டறை வாசலில் பழைய டீசல் காருக்கு எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சூடான எண்ணெயின் அந்தக் கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவர் திட்டிவிட்டுப் போனார். போகட்டும். உங்களுக்கு மல்லிகை எப்படியோ, எனக்கு அது.

பல வருஷத்துக்கு முன்னால், வேதியியல் படித்துவிட்டு, காரைக்காலில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விசைப்படகு, லாரி, ஜெனரேட்டர் என்று எல்லாவற்றிலிருந்தும் ஓடித் தீர்ந்த எண்ணெய் பாட்டில் பாட்டிலாக வரும். அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்த்து, இன்ஜினுக்குள் எது தேய்கிறது என்று சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனை மாதிரிதான். என் அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை அது பிடிபடவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவுடி, காப்பியில கிரீஸ் நாத்தம் அடிக்குது" என்றார். கழுவினேன். அப்படியும் அடித்தது. வந்தவர்கள் அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

அந்தக் கையை முகம் சுளிக்காமல் பிடித்தவர் பக்கத்துத் தெரு மும்தாஜ் அக்கா. அவர் கணவர் நாத்தர் பாய் துபாயில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, டீசல் கார் ஒன்று வாங்கி, வளைகுடா போகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலை அக்கா கலங்கிப்போய் வந்து நின்றார்.

"இன்ஜின் போச்சாம். வண்டிய வித்துட்டு மறுபடி துபாய்க்கே போறேங்கறாரு. சின்னவ இப்பத்தான் வாப்பான்னு அவருகிட்ட ஒட்டவே ஆரம்பிச்சிருக்கா."

வண்டியைப் பார்த்தவர் நெரவி மெக்கானிக் செல்வராஜ். எண்ணெய் ஊற்றிய உடனே கறுத்துவிடுகிறது, கொஞ்சம் குறையவும் செய்கிறது, பேரிங் போயிருக்கும் என்பது அவர் கணிப்பு. டீசல் எண்ணெய் கறுப்பது நோயே இல்லை. அது வெறும் புகைக்கரி. குறைவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கச் சொல்லி, எண்ணெய் இறங்கும்போது நடுவில் ஒரு பாட்டில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன்.

பேரிங் தேய்ந்தால் ஏற வேண்டிய தாமிரமும் ஈயமும் அடங்கிக் கிடந்தன. இரும்பு கொஞ்சம் கூடியிருந்தது. சிலிக்கான்தான் எக்கச்சக்கம். சிலிக்கான் என்றால் மண், தூசி. அது அறுவடைக் காலம். நெரவிச் சாலை நெடுக நெற்கதிரைப் பரப்பிப் போட்டிருப்பார்கள். வண்டிகள் ஏறி ஏறி நெல் உதிரும். பாய் தினமும் அந்தப் புழுதியில்தான் போய்வந்தார்.

பட்டறைக்கு ஓடினேன்.

"பேரிங் இல்லண்ணே. எங்கேயோ தூசி உள்ள போவுது. அது உள்ள தேய்ச்சுத்தான் எண்ணெய் குறையுது."

"ஏர் பில்டர் புதுசாச்சே!" என்றார் செல்வராஜ். திறந்து பார்த்தால் பில்டர் பளிச்சென்றிருந்தது. என் முகம் தொங்கிப்போனது. பாய் எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் மட்டும் விடவில்லை. பில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே போனார். கை நின்றது.

"அம்மா, இங்க வாங்க! கிழிஞ்சிருக்கு பாருங்க!"

விரல் நுழையும் அளவு கிழிசல். என்னைவிட அவர்தான் பலமாகச் சிரித்தார்.

குழாயை மாற்றினோம். "கெட்டி எண்ணெயா ஊத்தட்டுமா?" என்றார் பாய்.

"வேணாம் பாய். கெட்டியா இருந்தா ஸ்டார்ட் பண்ணதும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நேரமாவும். வண்டியோட புக்குல போட்டிருக்கிற கிரேடையே ஊத்துங்க. டப்பாவுல டீசலுக்குன்னு இருக்கான்னும் பாத்துக்குங்க."

ஒரு பரிசோதனை முடிவு சந்தேகத்தைத்தான் தரும், அடுத்ததுதான் தீர்ப்பு. அடுத்த முறை எண்ணெய் மாற்றும்வரை துபாய்ப் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொன்னேன். இரண்டாவது மாதிரியில் சிலிக்கான் படுத்தேவிட்டது. இரும்பும் கூடவே இறங்கியிருந்தது. எண்ணெய் குறைவதும் அதற்குமேல் கூடவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"பாஸா?" என்றார் பாய்.

"பர்ஸ்ட் கிளாஸ்!"

அக்கா குலவையிட்டதில் தெருவே வெளியே வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வீடு தேங்காய்ப்பால் வட்டிலப்பம் போனது. துபாய் பேச்சு அதோடு முடிந்தது. சின்னவள் வாப்பாவின் தோளை விட்டு இறங்கவே இல்லை.

இப்போது சாலையில் கதிர் பரப்புவது குறைந்துவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே வேலையை முடித்துவிடுகிறது. எங்கள் ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் செல்போன் கடை. பாயின் காருக்கும் வயதாகிவிட, போன வருஷம் உடைக்கக் கொடுத்தார். இழுத்துப்போக வண்டி அனுப்புகிறோம் என்றார்களாம். வேண்டாமென்று தானே ஓட்டிப் போனார். உடைக்கிறவர் பானெட்டைத் திறந்து, ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாராம்.

"என்ன பாய், இதையா உடைக்கச் சொல்றீங்க?"