கலங்கிய கரைசல்

பக்கத்து மேசைத் தோழியை நினைத்தால், அவள் விரலிடுக்கில் இருந்த கண்ணாடிக் குழாய்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. சன்னலோரம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீராகத் தெளிந்திருந்த புரதக் கரைசல், ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் குலுக்கி வைத்த பிறகு, வடித்த கஞ்சிபோல் இருக்கும். "கலங்கிடுச்சு லா!" என்பாள், எதையோ ஜெயித்தவள் மாதிரி. கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். நான் இப்போது வேலை பார்க்கும் கிள்ளானில் கலங்கலைக் கருவியே அளந்து சொல்லிவிடுகிறது. அவள் குரல்தான் இல்லை.

விஷயம் இதுதான். கடையில் மடித்து வைத்த புடவைபோல, புரதமும் தன் மடிப்பில் இருந்தால்தான் வேலைக்கு ஆகும். உடம்பு மூச்சுக்காற்றைப் பயன்படுத்தும்போது வீரியமான ஆக்சிஜன் துணுக்குகளும் பிறக்கின்றன. உடம்பால் அவற்றை அடக்க முடியாத நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம். அவை தாக்கினால் மடிப்பு குலையும். உள்ளே மறைந்திருந்த பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று ஒட்டி, இழை இழையாக அடுக்கிக்கொள்ளும். அந்த இழைகள்தான் அமிலாய்டு. மறதி நோய்க்காரர்களின் மூளையில் படிவதும் அந்த வகைதான். அந்த நோய்க்கு இது ஒன்றே காரணமில்லை, ஆனால் இதற்கும் பங்குண்டு. ஒருமுறை படிந்ததைப் பிரிப்பது லேசில் நடக்காது. எங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

மனப்பாடமாக இருந்து என்ன பயன்? பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அவளோடு இருந்த அப்பாவுக்கே அந்த நோய் வந்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள்தான் அவருக்கு உலகம். தன் பெயர் அவர் நினைவிலிருந்து நழுவிவிடக் கூடாது என்பதே அவளுடைய ஒரே கவலை. குழாயில் கலங்கலைத் தடுத்த நெல்லிக்காய்ச் சாறு அப்பாவிடமும் பலிக்கும் என்று கொடுத்துப் பார்த்தாள். பலிக்கிறதா என்று அளவும் எடுத்தாள். காலையும் மாலையும் அதே கேள்வி: "அப்பா, நான் யாரு? என் பேரு என்ன?" எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கிறுக்கு அது. அவர் ஒருநாள் எரிச்சலாகி, "தெனமும் கேக்குறியே, ஒன் பேரு ஒனக்கே மறந்து போச்சா?" என்றாராம். மத்தியானச் சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்த நாட்கள் இப்போதும் எனக்கு வேண்டும்போல் இருக்கிறது.

பிறகு அவர் பதில் சொல்வதே நின்றுபோனது. அவளும் கேட்பதை விட்டாள்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அவர் நெடுநேரம் பார்த்தாராம். அந்நியப் பெண்ணிடம் பேசும் மரியாதையோடு, "ஏம்மா, இருட்டப் போவுது. ஒங்க அப்பா வாசல்லயே நிப்பாரு. பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"சரிங்க அங்கிள்னு செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டேன். வாசல் கேட் பக்கத்துல நின்னு நல்லா அழுதேன். அப்புறம் உள்ள வந்து, 'அப்பா, வந்துட்டேன்'னேன்."

"அதுக்கு?"

"'ஏம்மா லேட்டு? சாப்ட்டியா?'ன்னாரு."

அவள் பெயர் அவர் நினைவுக்குக் கடைசிவரை திரும்பவில்லை. அவர் இருந்தவரை, ஒவ்வொரு மாலையும் அவள் வீட்டை விட்டு வெளியே போய், திரும்ப வந்தாள்.