நான்கு டிஸ்க்கில் இரண்டு

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கிகள் செய்யும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொரு வெல்டையும் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று எங்களிடம் வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். படங்களைச் சேமிக்க நான்கு ஹார்ட் டிஸ்க் போடும் பெட்டி வாங்கினோம். டிஸ்க் ஒவ்வொன்றும் நான்கு டெராபைட்.

"பதினாறு. மூணு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்றார் பிளான்ட் மேனேஜர்.

"எட்டுதான் சார் கிடைக்கும். ரெய்டு ஆறு போடலாம்னு இருக்கேன்."

"ரெய்டா?" அவர் முகம் மாறியது.

இது வேறு ரெய்டு, எந்த இரண்டு டிஸ்க் போனாலும் படங்கள் தப்பிக்கும் என்று விளக்கினேன். ரெய்டு ஐந்து என்றால் பன்னிரண்டு கிடைக்கும். ஒன்று போனால் மட்டும் தாங்கும்.

"அப்ப அஞ்சே போடு. ஒண்ணுக்கு மேல எங்க போவப்போவுது?"

குவாலிட்டி பார்க்கும் அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர், லைனில் ஹெல்ப்பராகச் சேர்ந்து மேலே வந்தவர்.

"நாலும் ஒண்ணா வந்ததாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரே பார்சல்தான்க்கா."

"ஒரே நாள்ல மாட்டுன வெல்டிங் டிப்பு எல்லாம் ஒரே வாரத்துல தேயுது சார். இது மட்டும் இன்னா, வேறயா?"

டிப்பு தேய்ந்து லைன் நின்ற நாட்கள் மேனேஜருக்குத் தெரியும். எட்டுக்கு ஒப்புக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு டிஸ்க் போனது. புதியதை மாட்டினேன். மற்ற மூன்றையும் படித்து அதை நிரப்பத் தொடங்கியது பெட்டி. மறுநாள் காலை, நாற்பது சதவீதத்தில், இன்னொன்று போனது. இனி ஒன்று போனால் எல்லாம் போகும். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா டீ கொண்டுவந்தார்.

"போச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப குடி."

சாயங்காலம் நூறு ஆனது. ஒரு படம்கூடப் போகவில்லை. எட்டே போதும் என்று அன்றைக்கே தான் சொன்னதை மேனேஜர் நினைவூட்டினார். ஆமாம் சார் என்றேன்.

அடுத்த வருடம் எட்டும் நிரம்பிவிட்டது. புதுப் பெட்டி இப்போதைக்கு இல்லை என்றார்கள். எதை அழிப்பது என்று அக்காவும் நானும் மூன்று நாள் உட்கார்ந்தோம்.

"நல்லா கீறத யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க" என்றார் அவர்.

பழைய நல்ல வெல்டுகளை அழித்தோம். கெட்டவை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.