கைக்கு அடங்கிய கெப்பாசிட்டர்

டோர்ட்மண்டில் ரேடியோக் கருவிகளுக்குச் சர்க்கியூட் பலகை செய்யும் அந்தச் சின்னக் கம்பனியில் ஆனந்தராசாவுக்கு அது பதினேழாவது வருடம். கணினியில் வரைவதும் அவர்தான், புது வடிவம் ஒவ்வொன்றின் முதல் பலகையிலும் கையால் ஈயம் உருக்கிச் சாமான்களை ஒட்டுவதும் அவர்தான். 2006 மாசியில் இரண்டிலும் களைத்துப்போயிருந்தார்.

புதுப் பலகை சோதனையில் இரண்டு தரம் தோற்றுவிட்டது. வேண்டாத அலைகளைச் சுற்றிலும் கக்குகிறதாம். மூன்றாந்தரமும் தோற்றால் பிரிவையே மூடவேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சிப் திடீரென்று மின்சாரம் கேட்டால் பக்கத்திலிருந்து ஊட்டுவதற்குத்தான் கெப்பாசிட்டர். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆனந்தராசா இன்னும் நாலைக் கூட்டினார். எல்லாம் அரைப் பருப்பளவு பெரிசு.

நாலு மணிக்கு வரைபடம் தொழிற்சாலைக்குப் போகவேண்டும். மூன்றரைக்கு, திட்டத்துக்குப் பொறுப்பான பார்கவி கதிரையை இழுத்துப்போட்டு அருகில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி, ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்தவள்.

"அண்ணா, மறுபடியும் பெருசா? கசகசா சைஸ்ல இருக்குமே, அதைச் சிப் காலை ஒட்டி வைங்கன்னு போன தடவையே சொன்னேனே."

"நூறு நானோஃபாரட் எண்டால், பெரிசோ சின்னனோ, நூறு நானோஃபாரட்தானே."

"வேல்யூ ஒண்ணுதான். இந்த ஃப்ரீக்வென்சில அதோட நீளமே தடை. கரண்ட் அதுல போய்த் திரும்பறதுக்குள்ள சிப் பட்டினி கிடக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஆனந்தராசா கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். ஒரு வருடமாகத் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இரண்டு கையாலும்தான் தூக்குகிறார். மனைவி சிவமலரிடம் அது குளிரால்தான் என்று சொல்லிவைத்திருந்தார். மைக்ரோஸ்கோப் கண்ணுக்கு உதவும், விரலுக்கு உதவாது. கசகசாவளவு சாமானைச் சாமண இடுக்கியால் பிடித்தால் எங்கேயோ தெறித்துப்போகிறது. அரைப் பருப்பென்றால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம்.

"வரையிறது பிரச்சினை இல்லை, பார்கவி. ஒட்ட ஏலாது. கை நடுங்குது."

அவள் கதிரையை அவர் பக்கம் திருப்பினாள். "எவ்வளவு நாளா?"

"போன வருசப் பொங்கலுக்கு முதலே."

"அதுக்காக ரெண்டு தடவை தோத்தோமா? உங்க வீம்புக்குக் கோயிலே கட்டலாம்ண்ணா."

"கட்டுங்கோ. கும்பாபிசேகத்துக்கு வாறன்."

வரைபடத்திலிருந்த பெரிய கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் ஆனந்தராசா அழித்தார். ஒவ்வொரு காலோடும் ஒட்டி ஒரு சின்னதை வைத்தார். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார்.

புதுப் பலகைக்கு ஈயம் ஒட்டியவள் பார்கவி. சோதனையில் அது மயிரிழையில் தேறியது, பிரிவு தப்பியது. அடுத்த திங்கட்கிழமை ஈயம் உருக்கும் கோல் வேறு மேசைக்குப் போயிற்று. ஆனந்தராசா வரைவதோடு நின்றுகொண்டார்.

நரம்பு வைத்தியரிடம் ஆறு கிழமைக்குப் பிறகுதான் நாள் கிடைத்தது. குளிர் இல்லை, கை நடுக்கம் என்று அவர் சொன்னதும் சிவமலர், நானும் வாறன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை.