பிரியாணிக்குத் தேய்த்த கார்டு

அம்மா ஷூ கம்பெனியில் உழைத்து என் பேரில் போட்ட டெபாசிட்டை நம்பித்தான், காலேஜில் படித்த எனக்கு பேங்கில் கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். நான் கட்டாவிட்டால் அந்த டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டால் மொத்த பில்லுக்கும் நான்தான் கார்டைத் தேய்ப்பேன். தோஸ்துங்க அவரவர் பங்கைப் போனில் அனுப்புவார்கள். அதைச் சம்பளம் என்று நினைத்து, மறுநாள் தனியாகப் போய் இன்னொரு பிரியாணி தின்பேன். பில் வந்தபோது வயிறு மட்டும்தான் மிச்சம். பெட்ரோல் காசை அதற்குக் கட்டிவிட்டு, ஒரு மாதம் நடந்தே காலேஜ் போனேன்.

அதற்கப்புறம் பங்கு வந்ததும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே கார்டுக்குக் கட்ட ஆரம்பித்தேன்.

"இன்னா மச்சான், கை கழுவிட்டாவது கட்டேன்!" என்றான் ஒருத்தன்.

"கழுவப் போற வழியில இன்னொரு பார்சல் சொல்லிடுவேன்டா."

கத்திரிக்காய்த் தொக்கு ஒட்டிய விரலுக்குப் போன் மசியவில்லை. அவனே அதைப் பிடுங்கி, என் சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.