முப்பத்து நான்கரைப் பாவு

பிரவுசிங் சென்டர் பத்து மணிக்குத்தான் திறக்கும். நான் எட்டரைக்கே ஷட்டருக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டேன். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கோட்டை மைதானம் வரை ஒரு சுற்று போய் வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் டயரில் காற்று இறங்கிவிட்டது. மருத்துவப் படிப்புக்கான ரேங்க் பட்டியல் அன்று இணையத்தில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கியிருந்தேன். நுழைவுத் தேர்வில்தான் கால் வழுக்கியது. நூற்றுக்கு எழுபதுகளில் ஒரு மார்க். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "பாஸா, பெயிலா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை. டாக்டர் சீட் கிடைக்கும் என்று சொல்ல முடியாத மார்க், கிடைக்காது என்று விட்டுவிடவும் முடியாத மார்க். மோசமாக வாங்கியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.

சென்டர் வைத்திருந்த அண்ணன் என் நம்பரைத் தட்டினார். பக்கம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கி வந்தது. அவர் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு படித்தார்.

"கீதுபா, உன் நம்பரு கீது. போன வருஷம் உங்க பிரிவுல சீட்டு இங்கதான் நின்னுச்சி, ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன." பிறகு விரலைத் திரையில் வைத்தார். "இங்க பாரு, உனக்கு மேல ஒருத்தரு. மொத்தமும் ஒண்ணு, பயாலஜியும் ஒண்ணு, கெமிஸ்ட்ரியும் ஒண்ணு."

"அப்புறம் ஏண்ணா அவங்க மேல?"

"பொறந்த தேதி. ஒரே மார்க்குன்னா வயசுல பெரியவங்களுக்கு முதல்ல. அவங்க ஜூனு, நீ செப்டம்பரு. மூணு மாசத்துல அடி வாங்கிட்ட போ."

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். நான் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் எடுத்துப் பார்த்தேன், மறுபடி மடித்தேன். தெரு முனைக்கு வருவதற்குள் மடிப்பில் கிழிந்துவிட்டது.

எங்கள் தெருவில் நிறையப் பேருக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு. என் அம்மா என்னை எப்போதும் "தையில பொறந்தவன்" என்பாள். சான்றிதழில் செப்டம்பர் பத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே இல்லை. பத்தாம் வகுப்பில் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் வகுப்பாசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார்: "பேரு, இனிஷியல், பிறந்த தேதி, ஏதாவது திருத்தம் இருக்கா?" இல்லை என்றேன். திருத்தம் என்றால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஒரு பையன் சொல்லியிருந்தான். அன்றைக்கு எனக்கு மதியம் விளையாட்டு இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் தறியில் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அப்பா நெய்வதை நிறுத்தவில்லை. செப்டம்பர் என்று சொன்னதும்தான் அவர் கை நின்றது.

"எதுக்கு செப்டம்பருன்னு போட்டாங்க?" என்று கேட்டேன்.

அம்மாதான், "சொல்லேன், வாயில இன்னா கொழுக்கட்டயா?" என்றாள்.

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார். பள்ளியில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் வயது என்ன என்று கேட்டிருக்கிறார். அப்பா வருடத்தை எண்ணி வாழ்ந்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்த எண்ணிக்கை பாவுதான். தறியில் ஏற்றும் நீள நூல் அது. ஒரு பாவில் மூன்று சேலை வரும். எங்கள் வீட்டில் அது முடிய முன்பின் இரண்டு மாதம் ஆகும். நான் பிறந்ததிலிருந்து எத்தனை பாவு ஏற்றினோம் என்பது அவருக்குப் பிசகில்லாமல் தெரியும். "முப்பத்தி நாலு முடிஞ்சிடுச்சிங்க, முப்பத்தஞ்சாவது பாதி ஓடிகினு இருக்குது" என்று சொல்லியிருக்கிறார். வாத்தியாரும் இந்த ஊர்க்காரர்தான். சிரித்துக்கொண்டே இரண்டால் பெருக்கி, அந்த ஜூனிலிருந்து அறுபத்தொன்பது மாதம் பின்னால் எண்ணி, செப்டம்பர் என்று எழுதியிருக்கிறார். பத்தாம் தேதி அவராகப் போட்டது.

"எண்ணினது சரிதானே அப்போ?" என்றேன்.

"நடுவுல எனக்குக் கை ஒடிஞ்சி எட்டு மாசம் தறி நின்னுதுடா. அத நான் சேர்க்கல." பாவு நூலைத் தடவிக்கொண்டே, "நின்ன தறிக்குப் பாவு ஏது? எத எண்ணச் சொல்ற?" என்றார்.

அம்மா எழுந்துவிட்டாள். "பெத்தவ ஊட்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு இருக்கறன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுகினு போயிருக்கக் கூடாதா?"

"நீ நூலு சுத்திகினு இருந்த. அந்தாளு ஜல்தியா சொல்லுய்யான்னாரு."

"ஜல்தி! புள்ளக்கி எட்டு மாசத்த முழுங்கிட்டு, ஜல்தியாம்."

அவள் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் ஓரம் வைத்த ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். அத்தையின் கல்யாணப் பத்திரிகை. தை மாதத் தேதி, ஆங்கிலத் தேதி, முகூர்த்த நேரம் எல்லாம் அச்சில் இருந்தன. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நான் பிறந்தேன். நிறைமாதமாக இருந்ததால் அம்மா நாத்தனார் கல்யாணத்துக்கே போகவில்லை. அந்தக் குறை தீராமல்தான் பத்திரிகையைப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

"இத காட்டுங்க," என்றாள். "அச்சடிச்ச காயிதம். யாரு இல்லன்னுவான்?"

கவுன்சலிங்குக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தறிப் பக்கம் போனேன். உட்கார்ந்த அரைமணியில் நான்கு இழை அறுந்தது. "நீ இங்க வராத சாமி" என்று அம்மா எழுப்பிவிட்டாள். தகவல் புத்தகத்தில் ஒரே மார்க் வந்தால் என்ன செய்வார்கள் என்று போட்டிருந்த பாராவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி மட்டுமே என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த வரியை அப்பாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவர் பத்திரிகைக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கி வந்திருந்தார்.

முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் காகிதங்களைப் பார்த்து முடித்து முத்திரை குத்தப் போகும்போது, அப்பா பத்திரிகையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது யார் கல்யாணம்?" என்றார் அந்த அம்மா.

"என் தங்கச்சிதுங்க. இதுக்கு மறுநாளு பொறந்தவன் இவன்."

அவர் உறையைப் பிரிக்காமலே முழுக்கப் படித்தார். சிரிக்கவில்லை. "ஐயா, பத்தாவது சர்டிபிகேட்ல இருக்கறதுதான் எங்களுக்கு. இதெல்லாம் அப்பவே மாத்தியிருக்கணும்."

"அப்ப இது பொய்யாங்க?"

"பொய்னு நான் சொல்லலையே. இத வச்சு என்னால எதுவும் பண்ண முடியாது, அவ்ளோதான்." பத்திரிகையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பத்தாவதுல கேட்டிருப்பாங்களே தம்பி?" என்றார்.

கேட்டார்கள் என்று சொன்னேன். அப்பா என் பக்கம் திரும்பினார். அது வரை நான் அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே ரேங்க் வரிசைப்படி நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு முந்தின நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பின்னல், மடியில் பைல். அவள்தான் ஜூன் மாதக்காரி. அவளுக்குப் பின்னால் அவள் அப்பா, எனக்குப் பின்னால் என் அப்பா. முன்னால் இருந்த திரையில் எங்கள் பிரிவில் இன்னும் எத்தனை இடம் என்று எண் தெரிந்தது. நாங்கள் உட்காரும்போது ஒன்பது. எனக்கு முன்னால் அந்தப் பெண்ணையும் சேர்த்து ஒன்பது பேர். நான் மூன்று முறை எண்ணினேன்.

பின்னால் இரண்டு அப்பாக்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"எந்த ஊருங்க?"

"ஆரணிங்க. பட்டுத் தறி. நீங்க?"

"தேசூர் பக்கங்க. கொஞ்சம் நெலம், மணிலாக்கொட்டப் பயிரு. மடியில இன்னாங்க, பத்திரிகையா? பொண்ணுக்கா?"

அப்பா நடந்ததைச் சொன்னார், கை ஒடிந்தது முதல். யாருடைய மார்க்கோடு ஒன்றாகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எங்க கதை வேறங்க. பெரியவள ஒண்ணாவது சேர்க்கப் போனன். இது கூடவே வந்து, நானும் போறன்னு தரையில பொரண்டுது. ஒண்டியா ஊட்ல வுட்டா பேஜாரு. ரெண்டையும் சேத்துக்கங்க சாருன்னேன். வாத்தியாரு ஒரு வயசக் கூட்டி ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டாரு. எங்களுக்கு லாபமாப் போச்சி."

"அப்பா!" என்றாள் அந்தப் பெண், பல்லைக் கடித்துக்கொண்டு.

என் காது சூடானது. எனக்கு எட்டு மாதம் குறைந்திருந்தது, அவளுக்கு ஒரு வருடம் கூடியிருந்தது. உண்மையில் அவள் என்னைவிட ஒன்றரை வயது சின்னவள். திரையில் ஐந்து என்று வந்தது. எழுந்து மேடைக்குப் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் ஒரு சந்தேகத்தை எழுப்பிவிடலாம். நான்கு. அவள் திரும்பி என் மடியில் இருந்த அழைப்புக் கடிதத்தில் ரேங்க் எண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போனது.

"சொல்லப் போறீங்களா?" என்றாள், உதடு மட்டும் அசைய.

நான் பதில் சொல்லவில்லை. மூன்று. நல்ல மனது என்று இதை இன்றைக்கு எழுதிவைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. வாயைத் திறந்தால் என்ன குரலில் பேசுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு. பின்னால் அப்பா பேச்சை நிறுத்தியிருந்தார். அவரும் அவளுடைய கடிதத்தைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பத்திரிகையின் பிளாஸ்டிக் உறை பைக்குள் போகும் சத்தம் கேட்டது.

ஒன்று.

அவள் பெயரை அழைத்தார்கள். எழுந்தபோது பைல் கீழே விழுந்து காகிதங்கள் சிதறின. என் அப்பா குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். "பாத்துப் போம்மா, ஜல்தி இல்ல" என்றார்.

எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம் கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஆற்காடு தாண்டும் வரை அப்பா பத்திரிகை இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "பத்தாவதுல கேட்டாங்களா?" என்றார். கேட்டாங்க என்றேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு இன்று வரை அதைப் பற்றி அவர் கேட்டதில்லை.

அடுத்த சில வாரங்கள் நான் டெலிபோன் பூத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். யாராவது சீட்டை விட்டால் எனக்கு வரும். அவளுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு இதைவிடப் பெரிய கல்லூரியில் எங்கேயாவது இடம் கிடைத்துவிடட்டும் என்று தினமும் நினைத்தேன். அதை வேண்டுதல் என்று சொல்லலாமா தெரியாது. கடைசித் தேதி அன்று மூன்று முறை போன் போட்டேன். மூன்றாவது முறை எடுத்தவர், "உங்க பிரிவுல யாரும் விடலப்பா, வேற கோர்ஸ் பாரு" என்றார். தனியாக நடந்த இன்னொரு கவுன்சலிங்கில் பிசியோதெரபி கிடைத்தது. சேர்ந்துவிட்டேன். மறுபடி நுழைவுத் தேர்வு எழுதலாம் என்ற எண்ணம் இரண்டு வருடம் கூடவே வந்தது. எழுதவில்லை.

இப்போது ஆரணியிலேயே ஒரு சின்ன கிளினிக்கில் வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். முட்டி, இடுப்பு, தோள்பட்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும், அதில் பெயருக்கு அடுத்த கட்டம் வயது. போன வாரம் இடுப்பு வலியோடு ஒரு தறிக்கார அம்மா வந்தார்கள். வயது கேட்டேன்.

"எதனா ஒண்ணு எழுதிக்கோ கண்ணு. அம்பது போடு."

"பெரிய பொண்ணு பொறந்து எத்தினி வருஷம்மா இருக்கும்?"

அவர்கள் கூரையைப் பார்த்து, உதட்டை அசைத்து எண்ணினார்கள். எதை எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எண்ணி முடித்து ஒரு கணக்கு சொன்னார்கள். நான் பேனாவை அட்டையில் வைக்கவில்லை.

"நடுவுல தறி எப்பனா நின்னுச்சாம்மா?"

அவர்கள் சட்டென்று என்னைப் பார்த்தார்கள்.

"நின்னுது," என்றார்கள். "நின்னுது கண்ணு. அத எதுக்குக் கேக்கற?"