நண்டுப்பல், சுறாப்பல்

வரைதல் வகுப்பில் நான் படிப்பிப்பவை எல்லாம் ஒரு சொல்நிரலில்தான் தொடங்கும். அந்த மாதத் தலைப்பு, பல் போன்ற விளிம்புகள். இலையிலும் கேற்றிலும் கூரையோரப் பலகையிலும் வருகிற விளிம்புகளுக்கு இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் தமிழையும் எழுதினேன். ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது வாள்பல். சின்னதும் பெரிதுமாய் ஒழுங்கில்லாமல் நிற்பது, பனைமட்டையில் உள்ள கருக்கு. தமிழ்ப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன: மொட்டையாக உருண்ட பற்களுக்கு ஒன்று, பெரிய பல்லின் விளிம்பிலேயே பொடிப் பற்கள் உள்ளதற்கு ஒன்று.

அந்தச் சனிக்கிழமை பருத்தித்துறைச் சந்தையில், வழக்கமாக வாங்கும் அம்மாவிடம் சுறா வாங்கினேன். என் கையிலிருந்த கடதாசியைப் பார்த்து, "என்ன ரீச்சர், மீனுக்கும் லிஸ்ற்றோ?" என்று சிரித்தார். பெயரில்லாத அந்த இரண்டு விளிம்புகளின் படங்களைக் காட்டினேன்.

"உது நண்டுப்பல்லு. நண்டின்ரை இடுக்கிக்காலைப் பிரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்கு உப்பிடித்தான் மொழுமொழுவெண்டு இருக்கும். மற்றது சுறாப்பல்லு. ஒரு பல்லிலை நூறு பல்லு. விரலை வைச்சுப் பாக்காதேங்கோ, பிறகு பேனை பிடிக்கேலாது."

செவ்வாய்க்கிழமை நிரலைத் திரையில் போட்டேன். அந்த இரண்டு சொல்லும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டன.

"எங்கை எடுத்தனீங்கள் ரீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"நானே ஆக்கினது." அவன் கேட்டு முடியுமுன்பே என் வாயில் பதில் வந்துவிட்டது.

பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள். "நண்டுப்பல்லு, சுறாப்பல்லு எல்லாம் எங்கடை அம்மா சொல்லுறது ரீச்சர். பருத்தித்துறைச் சந்தையிலை மீன் வெட்டுறவ."

"கொம்மா மீன் விக்கிறாவோ, சொல்லு விக்கிறாவோ?" என்று யாரோ கத்த, வகுப்பே சிரித்தது.

தாயின் அதே முகம் என்று அப்போதுதான் கண்டேன். "ஒரே சொல் ரெண்டு பேருக்குத் தோன்றலாம்," என்று நிதானமாகச் சொல்லி அடுத்த படத்துக்குப் போனேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இரண்டு வகுப்புக்கும் வரவில்லை.

என் நிதானத்தை எல்லோரும் மெச்சுவார்கள். அதை எதற்குப் பாவித்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

திரும்பச் சந்தைக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அந்த அம்மாவே தொடங்கினார்.

"நீங்கள் என்ரை சொல்லை உங்கடை எண்டு சொன்னதா மகள் அண்டைக்கே வந்து சொன்னவள் ரீச்சர். படிப்பிக்கிறவை அப்பிடிச் செய்வினமோ எண்டு அவளுக்கு நல்லா ஏசிப்போட்டன். இப்ப வகுப்புக்குப் போகமாட்டனெண்டு நிக்கிறாள். நீங்கள் ஒண்டும் மனசிலை வையாதேங்கோ."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவள் சொன்னதுதான் உண்மை," என்றேன். "சொல்லு உங்கடை. நான்தான் பொய் சொன்னனான்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது. அதைப் பலகையில் வைத்தார். "மகள் ஐஸ் எடுக்கப் போயிட்டாள். வந்தாப் பிறகு அவளுக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லுங்கோ."

ஐஸ் பெட்டியோடு வந்தவளுக்கு முன்னால், மீன் வாங்க நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி அதையே திரும்பச் சொன்னேன். அவள் பெட்டியை இறக்கிவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"இப்ப நம்புறியளோ?"

தாய் ஈரக்கையைச் சீலையில் துடைத்தார். பிறகுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வகுப்பிலை சொல்லுங்கோ ரீச்சர். அதுக்குப் பிறகு வாறன்."